பதில்: சாக்ரமென்டோ வீட்டில் மேற்கு வெயில், மரம் நட வழி உண்டா?

மேற்குப் பார்த்த ஹாலில் மாலை வெயில் தாங்கவில்லை, பெரிய மரம் வாங்கி நட ஆட்கள் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் மின்சாரம் தரும் பொது நிறுவனமான ஸ்மட் (SMUD)தான் உங்கள் மின் இணைப்பு என்றால் மரத்துக்குக் காசே வேண்டாம். சாக்ரமென்டோ ட்ரீ ஃபவுண்டேஷன் என்ற மரம் வளர்ப்பு அமைப்போடு சேர்ந்து 1990 முதல் நிழல் மரங்களை இலவசமாகத் தருகிறார்கள். எங்கே, எந்த மரம் என்ற ஆலோசனையும் கிடைக்கும். நடுவது உங்கள் வேலை.

தருவது சின்னக் கன்றுதானே என்று தயங்காதீர்கள். பெரிய தொட்டி மரத்தைவிடச் சின்னது சீக்கிரம் வேர் பிடிக்கும்.

மேற்குச் சுவரிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி, இலையுதிர் மரமாக வையுங்கள். சைனீஸ் பிஸ்தாஷ் என்ற இலையுதிர் மரம் அந்த வெயிலைத் தாங்கும். மேலே மின்கம்பி போனால் உயரமான மரம் வேண்டாம். தோண்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். நிலத்தடிக் குழாய், கம்பிகளை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

கன்றுகள் பெரும்பாலும் கெடுவது குழியில்தான். அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம். அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் பட்டை அழுகும். வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிவிடுங்கள். சாக்ரமென்டோவில் பல இடங்களில் அடியில் இறுகிய மண்தட்டு உண்டு. அதனால் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் வடியாமல் நின்றால் இடத்தை மாற்றுங்கள். மரச்சில்லு மூடாக்கு 3 அங்குலம், தண்டில் படாமல். அக்டோபர், நவம்பரில் நட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் கோடையில் புல்தரைத் தெளிப்பான் போதாது, வேர் நனைய மெதுவாக விடுங்கள்.