யார் கையில் போன்?

கேள்வி: இப்போது தேயிலைத் தோட்டத்தில் போன் இல்லாத லயமே (தொழிலாளர் வரிசை வீடுகள்) கிடையாது. கொழுந்து பறிக்கிற அம்மாவிடம்கூட ஸ்மார்ட்போன் இருக்கிறது. அப்புறமும் ஏன் ‘டிஜிட்டல் இடைவெளி’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்?
– ஆசிரியர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: போன் இருக்கிறது சேர், இல்லையென்று யார் சொன்னது? அது யார் கையில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தெற்காசியாவின் முதல் செல்லுலர் சேவை 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது, அந்தப் பெருமை நமக்கு உண்டு. பேசுவதற்கு மட்டும் போன் என்றிருந்த காலத்தில் ஒன்றை வைத்துப் பத்து வீடு சமாளிக்கலாம். பங்களாதேஷில் 1997இலிருந்து கிராமத்துப் பெண்கள் கடனுக்கு ஒரு போன் வாங்கி, ஊராருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். பாடத்தை அப்படிப் பங்கு போட முடியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தபோது, மூன்று பிள்ளைகள் படிக்கிற லயத்துக் காம்பராவில் (ஒற்றை அறை வீட்டில்) ஒரே ஒரு போன், அதையும் அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? போன் இருந்த இடத்திலும் சிக்னல் இல்லை. போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டு வழியே மலை உச்சிக்கு ஏறிப் பாடம் படித்ததை 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின.

சரி, அது கொரோனா காலம் என்பீர்கள். இன்றைக்கு டவுனில் போன், இணைய வேலைகள் செய்து கொடுக்கிற ஏதாவது ஒரு கொமியூனிகேஷன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அரைநாள் பேரை (சம்பளத்தை) விட்டுவிட்டு, அரசாங்க விண்ணப்பமொன்றை நிரப்ப ஓர் அம்மா வந்திருப்பார். படிவம் இங்கிலீஷில். கடைத் தம்பி தட்டத் தட்ட, அவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்பான். அந்த ஒருமுறை இரகசிய எண் போயிருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் கடையில் நிற்கிற மகனின் நம்பருக்கு, ஏனென்றால் சிம் அவன் பெயரில். மகனோ முதலாளிக்குப் பயந்து போனை எடுக்கமாட்டான். காசையும் கொடுத்துவிட்டு அந்த அம்மா வெறுங்கையோடு பஸ் ஏறுவார். உங்கள் கணக்கில் இவரும் ‘போன் உள்ளவர்’தானே?

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு இந்த மக்கள் எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 வீத வற் வரி. ரீலோட் காசு தனி. பழைய போனின் திரை உடைந்தால் மாற்றக்கூட யோசிக்கிற வீட்டில், இரண்டாவது போனை யார் வாங்குவது?

அதனால்தான் எழுதுகிறோம், இன்னமும் எழுதுவோம். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைக் காம்பராவிலோ (குழந்தைகள் காப்பகத்திலோ) வாசிகசாலையிலோ இணைய இணைப்பும், தமிழில் உதவி செய்ய ஓர் ஆளும் வேண்டும். அரசாங்கப் படிவம் தமிழிலும் வேண்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள் சேர். நாளைக்கு வகுப்பில் “வீட்டில் போன் இருக்கிறதா?” என்று கேட்காமல், “பின்னேரம் ஆறு மணிக்கு அது யாரிடம் இருக்கும்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.