திண்ணையிலிருந்து கடல் தெரிய உரிமை உண்டா?

கேள்வி: கல்குடாவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தால் கடல் தெரியும். முன் வளவில் நான்கு மாடி ஹோட்டலுக்குத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். கரைவலைக்காரர் போய்வந்த ஒழுங்கைக்கும் தகரம் அடித்துவிட்டார்கள். கேட்டால், "உங்கட காணியா?" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று கேட்கும் உரிமையை இலங்கையில் நமக்குள்ள ரோமன் டச்சுச் சட்டம் தானாகத் தருவதில்லை. மறைத்துக் கட்டமாட்டேன் என்று முன் வளவுக்காரர் நொத்தாரிசு உறுதி எழுதித் தந்திருந்தால் வேறு கதை. யார் எழுதித் தரப்போகிறார்கள்! ஆகவே திண்ணையை விடுங்கள், கரையைப் பிடியுங்கள்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் ஹோட்டல் கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லையென்றால் கட்டியதை அகற்றச் சொல்லலாம். இருந்தால், எத்தனை மாடி, கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, என்னென்ன நிபந்தனை என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதியைக் கேளுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பிரதேச சபை அனுமதித்த கட்டட வரைபடத்தையும் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டிருந்தால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் இருந்திருக்கும். அது கொடுக்கப்பட்டதா என்பதும் முக்கியம்.

"அழகு போச்சு" என்று முறைப்பாடு எழுதினால் கோப்பில் தூங்கும். காட்ட வேண்டும். உங்களுக்குப் பக்கத்துப் பாசிக்குடா பிறைபோல வளைந்த குடா. ஒரு கரையில் எழும் சுவர் எதிர்க்கரைக்கும் தெரியும். அதனால் எதிர்க்கரையில், தோணி ஏற்றும் இடத்தில், ஆட்கள் குளிக்கும் இடத்தில் என்று நாலைந்து புள்ளிகளை வரைபடத்தில் குறியுங்கள். அங்கே நின்று கண் மட்டத்தில், காலையும் மாலையும் படம் எடுங்கள். சூம் பண்ண வேண்டாம், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் பிடிப்பார். தென்னை உச்சிக்கு மேலே எத்தனை மாடி நிற்கும் என்று படத்தில் கோடு போடுங்கள். எந்த இடத்தை யார் பாவிக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம் ஒழுங்கை. உண்மையில் உங்கள் கையில் உள்ள பலமான துருப்புச் சீட்டு இதுதான். தனியார் காணியென்றால், 10 வருடம் தடையின்றி உரிமையோடு நடந்ததை நிரூபித்து வழியுரிமை கேட்கலாம். குத்தகைக்குக் கொடுத்த அரச காணியென்றால் அந்த 10 வருடக் கதை எடுபடாது. பழைய நில அளவைப் படத்தில் பாதை இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். பொதுவழி என்று தெரிந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் தடையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம்.

அனுமதியே சட்டத்துக்கு மாறாகக் கொடுக்கப்பட்டது என்றால் அதை இரத்துச் செய்ய மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். அடிப்படை உரிமை மனு என்றால் உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதம்தான், நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் தகரத்தை நீங்களாகப் பிடுங்கிவிடாதீர்கள். மறுகா அதே நீதவான் முன்னால் எதிரியாக நிற்பது நீங்கள்தான்.