ஊரைத் திறக்க எந்த எண்ணைப் பார்ப்பது? - மருத்துவர் பதில்கள்

கேள்வி: தாராவி 90 அடி சாலைப் பக்கம் தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். 2021 ஜூனில் கொரோனா குறைந்து, கணக்குப்படி மும்பை முதல் நிலைக்கு வந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் மூன்றாம் நிலைக் கட்டுப்பாடுதான் தொடர்ந்தது. இவர்களே ஒரு கணக்கை வைத்துவிட்டு அதை மதிக்காவிட்டால் எப்படி? இன்னொரு பெருந்தொற்று வந்தால் நாங்கள் எதைப் பார்த்து நம்புவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2020இல் உங்கள் பகுதிக் காய்ச்சல் முகாம்களில் வேலை செய்தவள் நான். பட்டறை மூடினால் முதலில் ஊருக்கு அனுப்பும் பணம் நிற்கும், அப்புறம் பிள்ளைகளுக்கு வாங்கும் பால் நிற்கும். அதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜூன் 7 முதல் மகாராஷ்டிரா அரசு ஐந்து நிலைகளை வைத்தது. பரிசோதித்தவர்களில் தொற்று உள்ளவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழே, ஆக்சிஜன் படுக்கைகளில் நிரம்பியவை 25 சதவீதத்துக்குக் கீழே என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் முதல் நிலை, அதாவது கட்டுப்பாடு மிகக் குறைவான நிலை. தினசரி நோயாளிகள் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதது நல்ல விஷயம். நேற்று 1,000 பேரைச் சோதித்து 200 பேருக்குத் தொற்று, இன்று 500 பேரைச் சோதித்து 100 பேருக்குத் தொற்று என்றால் செய்தியில் 'பாதியாகக் குறைந்தது' என்று வரும். குறைந்தது பரிசோதனைதான். விகிதம் இரண்டு நாளும் 20 சதவீதமே.

படுக்கைக் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. இன்று தொற்று ஒட்டிக்கொண்டால் காய்ச்சல் வரச் சில நாட்கள், சிலருக்கு 14 நாட்கள் வரைகூட ஆகும். மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வர இன்னும் ஒரு வாரம் போகலாம். ஆகவே இன்று காலியாக இருக்கும் படுக்கை, ஊர் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே, தொற்று விகிதம் 14 நாட்களாவது 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்த பிறகு திறக்கச் சொன்னது இதனால்தான். ஒரு படி திறந்தால் அதன் விளைவு தெரியும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மும்பைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எண் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடும். லோக்கல் ரயில் விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ஆளைக் கொண்டுவந்து இறக்கும். அதனால் காத்திருந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் காத்திருக்கச் சொல்பவர்கள் எந்த எண் எத்தனை நாள் நின்றால் திறப்போம் என்பதை முன்னதாகவே சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ரேஷனுக்கும் வாடகைக்கும் ஒரு வழியை அதே அறிவிப்பில் சேர்க்க வேண்டும். உங்கள் பட்டறை மூடியிருப்பதால் ஊருக்கே பாதுகாப்பு என்றால், அதன் செலவை நீங்கள் மட்டும் ஏற்பது என்ன நியாயம்?

நகரம் முழுவதற்கும் ஒரே எண் என்பதும் போதாது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. மற்ற குடியிருப்புகளில் சுமார் 16 சதவீதம். அதே வார்டுகள்தான். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது எந்தத் தெருவின் நிலையும் அல்ல.

நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, என் அனுபவத்தில், இதுதான்: திறந்த பிறகு முதல் நோயாளியை எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள்? 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று உறுதியானது. நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் வீடு வீடாகப் போய்க் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்தார்கள். ஒற்றை அறையில் தனிமை எப்படி முடியும்? அதனால் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் இடம் போட்டார்கள். பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்தார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். இந்த ஏற்பாடு உள்ள இடத்தைக் கொஞ்சம் முன்னதாகவே திறக்கலாம். இது இல்லாத இடத்தில் விகிதம் 3 சதவீதம் என்றாலும் எனக்குப் பயம்தான்.

கேள்வி: செம்பூரில் ட்யூஷன் எடுக்கிறேன். திறக்கும்போது எதை முதலில் திறப்பது என்பதையாவது சரியாகச் செய்தோமா?

பதில்: இல்லை அம்மா. மகாராஷ்டிராவில் ஓட்டல்களும் மதுக்கூடங்களும் பாதிக் கூட்டத்தோடு 2020 அக்டோபர் 5 அன்று திறந்தன. மும்பையில் எட்டாம் வகுப்பு முதல் பள்ளி திறந்தது 2021 அக்டோபர் 4 அன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பர் 15 வரை காத்திருந்தார்கள். ஓட்டல் ஊழியருக்கும் வயிறு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு இந்த நோய் கடுமையாவது அரிது என்பது தெரிந்த பிறகும், வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் என்ற வீடுகளின் பிள்ளைகளை அவ்வளவு காலம் வெளியே நிறுத்தியிருக்கக் கூடாது. அடுத்த முறை தொற்று விகிதம் இறங்கியதும் ஜன்னல்களைத் திறந்து, பாதிப் பாதிப் பிள்ளைகளாக, தொடக்க வகுப்புகளைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். உங்களிடம் படிக்க வருபவர்களில் அந்த ஆண்டுகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் யாரென்று பாருங்கள். அவர்களைத் தனியாக உட்கார வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.