காளான் டோஸ்ட் செய்தால் ரொட்டி ஏன் சொதசொதவென்று ஆகிறது?

கேள்வி: வீட்டில் அவசரத்துக்குக் காளான் டோஸ்ட் செய்தால் ஒவ்வொரு முறையும் காளான் தண்ணீர் விட்டு, ரொட்டி ஊறிப்போகிறது. மொறுமொறுப்பாக, காரமாக, பத்து நிமிடத்தில் செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் பத்து நிமிடம் போதாது, பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ரொட்டி நனைகிறது.

நான் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். காலையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட் மதியத்துக்குள் நமத்துவிடும். மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல்லுப்பு தானாகவே கசிய ஆரம்பிக்கும். இந்த ஊர்க் காற்றிலேயே மொறுமொறுப்பாக ஒரு டோஸ்ட் எடுக்க முடிகிறது என்றால், உங்கள் வீட்டில் கட்டாயம் முடியும்.

எங்கள் வீட்டுக்குள் காளான் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கரைக்கு வரும், ஆனால் அந்த விலை எல்லா நாளும் கட்டுப்படியாகாது. தினமும் சாம்பாரும் ரசமும் என்றால் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. ராமநாதபுரம் போன இடத்தில் 200 கிராம் மொட்டுக் காளான் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, வாணலியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் வதக்கி, காளானைக் கொட்டி, உப்புப் போட்டு மூடி வைத்தேன். மூடியைத் திறந்தால் காளான் குளத்தில் மிதக்கிறது. அதை அப்படியே அள்ளி ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். கையில் எடுத்ததும் ரொட்டி நடுவில் பிய்ந்து தட்டில் விழுந்தது. சின்னவன் அழுதே விட்டான்.

அயித்தை அதுவரை காளானைக் கையால் தொட்டதில்லை. வாணலியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏத்தா, இது கணவா மாதிரில்ல தண்ணி விடுது? தண்ணி சுண்டுறதுக்கு முன்னாடி எதுக்கு எண்ணெய ஊத்துன? மூடி வேற போட்டிருக்க!"

காளான் டோஸ்டில் நான் கற்றுக்கொண்டது முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கணவாயை எங்கள் பக்கம் எப்படிச் செய்வோம்? நறுக்கி, மஞ்சள் தூள் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் போடுவோம். அது தானே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வெந்து, தண்ணீர் சுண்டி, சட்டியின் அடி காயும். அதற்குப் பிறகுதான் எண்ணெய், வெங்காயம், மசாலா எல்லாம். மறுநாள் காளானுக்கும் அதையே செய்தேன். அன்றிலிருந்து ரொட்டி நனைந்ததே இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பாக்கெட் என்றால் அதில் ஏறக்குறைய 180 கிராம் தண்ணீர்தான், கிட்டத்தட்ட ஒரு டம்ளர். வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொருள் சிவந்து, அந்த வறுத்த வாசனை வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஆகவே தண்ணீர் இருக்கும்வரை நீங்கள் காளானை வறுக்கவில்லை, அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவித்த காளானை எடுத்து ரொட்டியில் வைத்தால், மிச்சத் தண்ணீரை ரொட்டி குடிக்கத்தான் செய்யும்.

"இவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடாதா?" என்று பயப்படாதீர்கள். கணவாய்க்கு அந்தப் பயம் சரி, நேரம் தப்பினால் இழுக்கும். காளானுக்கு அது இல்லை. அதன் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிற அதே கைட்டின்தான். அடுப்புச் சூட்டுக்கு அது கரையாது. அதனால் ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்தாலும் காளான் கடிக்கப் பதமாகவே இருக்கும். தைரியமாகக் காய விடுங்கள்.

இனி செய்முறை. நாலு துண்டு ரொட்டிக்கு 200 கிராம் காளான் வேண்டும். பார்க்க நிறைய மாதிரித் தெரியும், சுண்டினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நாலு பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கொரகொரப்பாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், குண்டு மிளகாய் இரண்டு, வெண்ணெய் இரண்டு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன், உப்பு, கடைசியில் பிழிய அரை மூடி எலுமிச்சை.

முண்டு மிளகாய் என்றும் சொல்லும் இந்தக் குண்டு மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, ஆட்டினால் விதை கிலுகிலுவென்று சத்தம் போடும். அதன் காரம் நாக்கைச் சுள்ளென்று பிடிக்காமல் மெல்ல ஏறும். காளான் மென்மையான பண்டம், மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டால் அதன் ருசி அடியோடு போய்விடும். இந்த மிளகாயை வெறும் கல்லில் லேசாக வாட்டி, விதையை உதறிவிட்டு, உரலில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கிடைக்காத ஊரில் இருந்தால் நல்ல வற்றல் மிளகாயை இதேபோல் இடித்துப் போடுங்கள், பாக்கெட் தூள் மட்டும் வேண்டாம். கரம் மசாலா, சோயா சாஸ், தக்காளி மூன்றையும் நான் சேர்ப்பதில்லை. முதலாவது வாசனையை மூடும், மற்ற இரண்டும் நாம் பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரைத் திரும்பக் கொண்டு வந்துவிடும்.

காளானைக் கழுவக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசினால் ஒன்றும் ஆகாது, அது உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஊற வைக்காதீர்கள். அலசியதும் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, பிறகு நறுக்குங்கள். மெல்லிய தாள் மாதிரி வேண்டாம், சுண்டுவிரல் பாதி கனத்துக்கு இருக்கட்டும்.

அகலமான வாணலி எடுங்கள். இருப்பதிலேயே அகலமானது. காளான் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் மேலே இருப்பது கீழே இருப்பதன் ஆவியில் வேகும். வாணலி நன்றாகக் காய்ந்ததும், எண்ணெய் இல்லாமல், காளானைப் பரப்பி, ஒரே ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். முழு உப்பையும் இப்போது போட்டால் சுண்டிய பிறகு கரித்துவிடும். மூடி போடவே கூடாது, தீ நன்றாக எரியட்டும்.

இனி காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். முதல் ஒரு நிமிடம் சுர்ரென்று வறண்ட சத்தம். பிறகு காளானின் ஓரங்கள் கருத்து, பளபளப்பாகி, அடியில் தண்ணீர் ஊறும். சத்தம் தளதளவென்று மாறும், ஆவி எழும்பும். இந்த இடத்தில்தான் எல்லோரும் "வெந்துவிட்டது" என்று அணைக்கிறார்கள். அணைக்காதீர்கள். நாலைந்து நிமிடத்தில் தண்ணீர் குறைந்து, குமிழ்கள் பெரிதாகி, உடைந்து, ஒரு கட்டத்தில் சத்தம் அப்படியே அடங்கும். கரண்டியால் தள்ளினால் காளான் வாணலியில் கீச்சென்று உரசும். ஈர மண் வாசம் போய், வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசம் எழும். அதுதான் பதம். நான் கடிகாரம் பார்ப்பதில்லை, அந்தச் சத்தம் அடங்குவதைத்தான் பார்க்கிறேன்.

இப்போது எண்ணெயும் பாதி வெண்ணெயும் விட்டு, காளானை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பொடியாக அரிந்த வெங்காயம், நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை போடுங்கள். வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்ததும் எல்லாவற்றையும் பிரட்டி, இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகட்டும். மிளகு, மிளகாய், மீதி உப்பு சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டி அணைத்துவிடுங்கள். எலுமிச்சை இப்போது வேண்டாம்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. காய்ந்த கூனி இறாலை வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்து, அரை டீஸ்பூன் தூவிப் பாருங்கள். காளானில் இயற்கையாகவே குளூட்டமேட் இருக்கிறது. நாக்கில் நின்று ஊறுகிற அந்தச் சுவைக்கு அதுதான் காரணம். 1908-இல் ஜப்பானில் இகெடா கிகுனே என்ற வேதியியலாளர் அந்தச் சுவைக்குக் குளூட்டமேட்தான் காரணம் என்று கண்டுபிடித்தது கடற்பாசிச் சாற்றிலிருந்து. எங்கள் கரைப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுக்கிற பாசி வேறு வகை, ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. கூனிப் பொடி சேரும்போது அந்தச் சுவை இன்னும் தூக்கும்.

ரொட்டிக்கு வருவோம். பேக்கரியில் ஸ்லைஸ் போடாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்கி, வீட்டில் விரல் கனத்துக்கு வெட்டுங்கள். பாக்கெட்டில் வரும் மெல்லிய ஸ்லைஸ் காளான் கனத்தைத் தாங்காது. அன்று சுட்ட ரொட்டியைவிட நேற்றைய ரொட்டி நல்லது, ஈரம் குறைந்திருக்கும். மீதி வெண்ணெயை ஒரு பக்கம் ஓரம் வரை தடவி, இரும்புத் தோசைக்கல்லில், சிறு தீயில், கரண்டியால் லேசாக அழுத்தி வாட்டுங்கள். தீ அதிகமானால் மேலே கருகும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெண்ணெய் தடவிச் சிவந்த அந்தப் பக்கம்தான் மேலே வர வேண்டும். காளான் அதன்மேல் உட்காரும்போது வெண்ணெய் ஒரு பூச்சு மாதிரி நின்று ஈரத்தைத் தடுக்கும்.

வாட்டிய ரொட்டியைத் தட்டில் படுக்க வைக்காதீர்கள். அதன் சூட்டிலிருந்து வரும் ஆவி தட்டில் வியர்த்து, அடிப்பக்கத்தை நனைத்துவிடும். இரண்டிரண்டாக ஒன்றோடொன்று சாய்த்து, கூரை மாதிரி நிறுத்துங்கள். சப்பாத்தி வாட்டும் கம்பி வலை இருந்தால் அதன்மேல் வையுங்கள். சாப்பிடுகிறவர் உட்கார்ந்த பிறகு காளானை வைத்து, எலுமிச்சையை நாலு சொட்டுப் பிழிந்து கொடுங்கள். டப்பாவில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பண்டம் இல்லை இது. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் காளான் ஒரு டப்பாவில், ஆறிய ரொட்டி தாளில் சுற்றித் தனியாக.

எந்தக் காளான் என்று கேட்டால், வெயில் ஊர்க்காரர்களுக்கு நான் பால் காளானைச் சொல்வேன். மொட்டுக் காளான் வளரக் குளிர் வேண்டும். பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. எங்கள் தெருவில் ஒரு அக்கா திருவாடானைப் பக்கமிருந்து வைக்கோல் வரவழைத்து, கீற்றுக் கொட்டகையில் பைகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறார். காலையில் பறித்ததை மாலையில் சமைக்கலாம். தண்டு தடிமன், சதை கெட்டி, கொஞ்சம் மெல்லிசாக நறுக்க வேண்டும். சிப்பிக் காளான் கிடைத்தால் கத்தி வேண்டாம், நாரோடு கையால் கிழியுங்கள், எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் காய்ந்துவிடும். வாங்கியதைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இறுக்கமான பிளாஸ்டிக்கில் வியர்த்து, இரண்டாம் நாளே வழவழக்கும். வழவழத்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் புற்றுப் பக்கம் முளைக்கும் காளானை மட்டும், பரம்பரையாகப் பறித்துச் சாப்பிட்டு அடையாளம் தெரிந்தவர் உடன் இல்லாமல் தொடாதீர்கள். வெள்ளிக் காசு கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதுவும் நஞ்சைக் காட்டாது. எவ்வளவு வேக வைத்தாலும் நஞ்சு போகாத வகைகள் இருக்கின்றன.

அந்த வருடம் ஜூன் மாதம் படகுகள் போய்த் திரும்பியதும் வீட்டுக்கு முதலில் வந்தது கணவாய்தான். அயித்தை அதைச் சுண்ட வைத்துக்கொண்டே, "ரொட்டி மிச்சம் இருக்காத்தா?" என்றார்கள். இதே வெங்காயம், இதே குண்டு மிளகாய், இதே வெண்ணெய் ரொட்டி. நீங்களும் செய்யலாம். கணவாயை மட்டும் சிறு துண்டாக நறுக்குங்கள், தண்ணீர் சுண்டி எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டியதும் உடனே இறக்கிவிடுங்கள்.