சுமத்ரா எரிமலைகள்: கேட்டவையும் பதில்களும்

சிங்கப்பூரில் எரிமலைத் தரவுகளோடு வேலை செய்கிறவள் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி டிசம்பர் விடுமுறைப் பயணம் பற்றியவை. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கவிதா, பொங்கோல்: புக்கிட் தீமா குன்று அணைந்துபோன எரிமலை என்று என் மகன் பள்ளியில் கேட்டு வந்திருக்கிறான். உண்மையா அக்கா?

இல்லை. அது கிரானைட் பாறை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பாறைக்குழம்பு வெளியே வராமல் நிலத்தடியிலேயே ஆறி இறுகியது. மேலே இருந்தது அரித்துப் போனதால் இப்போது தெரிகிறது. பழைய கல்குவாரிப் பக்கம் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

ராஜேந்திரன், ஈசூன்: எரிமலையே இல்லாத ஊரில் எதற்கம்மா இந்த ஆராய்ச்சி?

ஐயா, மேற்குச் சுமத்ராவின் மராப்பி எரிமலை நமக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தூரம்தான். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்கூங் கக்கிய சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமும் அங்கே மாட்டியது. சாம்பல் என்பது பொடியான கண்ணாடியும் கல்லும். எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்; விமானியின் வானிலை ரேடாரிலும் தெரியாது. உலக எரிமலைகளின் குமுறல்களைத் தொகுக்கும் வோவோடேட் தரவுத்தளம் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

ஷாலினி, செங்காங்: நண்பர்களோடு சுமத்ராவில் மலையேறப் போகிறோம். எச்சரிக்கை இரண்டாம் நிலைதானாம். போகலாமா அக்கா?

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாது. இந்தோனீசியாவில் நான்கு நிலைகள்: நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (கவனம்), சியாகா (தயார்நிலை), அவாஸ் (உச்ச ஆபத்து). இரண்டாவதான வஸ்பாடாவை நம்மவர்கள் 'பரவாயில்லை' என்று படித்துக்கொள்கிறார்கள். 2023 டிசம்பர் 3 அன்று மராப்பி வெடித்தபோது அதே இரண்டாம் நிலைதான் நடப்பில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள்.

இத்தகைய வெடிப்புக்குப் புதிய பாறைக்குழம்பு மேலேறி வரவேண்டிய அவசியமில்லை. வாய்க்கு அடியில் தேங்கிய நீர் கொதித்து, வெளியேற வழியில்லாமல் நீராவியாக வெடித்தாலே போதும். குழம்பு மேலேறினால் பாறை உடைந்து சிறு நிலநடுக்கங்கள் வரும், மலை உப்பும், கந்தக வாயு கூடும், கருவிகள் காட்டிவிடும். நீராவி வெடிப்பில் பல நேரம் அந்த அவகாசமே கிடைக்காது. அதனால் நிலையின் எண்ணைவிட, தடை எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பாருங்கள். வழிகாட்டி சிரிக்கிறார், டிக்கெட் விற்கிறார்கள் என்பதெல்லாம் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. தடை வட்டத்துக்குள் உச்சி இருந்தால் ஏறாதீர்கள். தோபா ஏரிக்குப் போங்களேன்.

இம்ரான், உட்லண்ட்ஸ்: அந்தத் தோபாவே வெடித்தால்?

அந்த ஏரியே ஓர் எரிமலைப் பள்ளம்தான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரம் வரை கிடக்கிறது. உங்கள் விடுமுறைக்குள் வெடிக்காது.

மீனாட்சி, ஜூரோங் வெஸ்ட்: இவ்வளவு கருவி இருந்தும் தேதி சொல்ல முடியாதா?

பெரிய வெடிப்புகள் பெரும்பாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் வரும். பிலிப்பீன்சின் பினாடுபோ 1991 ஏப்ரலில் புகையத் தொடங்கி ஜூன் 15 அன்று வெடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேரை வெளியேற்றிவிட்டார்கள். அங்கே வேலை செய்த எரிமலை ஆய்வாளர் கிறிஸ் நியூஹால் பிறகு இங்கே நன்யாங்கில் எரிமலைக் குழுவை வழிநடத்தினார்.

பாலியின் ஆகுங் வேறு கதை. 2017 செப்டம்பரில் உச்ச எச்சரிக்கை. லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டுப் போனார்கள். மலையோ நவம்பர் வரை வெடிக்கவில்லை. மாட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வாரக்கணக்கில் முகாமில் கிடக்கும் விவசாயிக்கு 'இன்னும் பொறுங்கள்' என்று சொல்வது, கருவியைப் படிப்பதைவிடக் கடினம். வெடித்தால் பாராட்டு, வெடிக்காவிட்டால் வசை. இருந்தும், வசை வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

ஷாலினி மீண்டும்: சரி அக்கா, தோபாவுக்கே போகிறோம். வழியில் சாம்பல் விழுந்தால் புகைமூட்டத்துக்கு வாங்கிய என்95 முகக்கவசம் போதுமா?

போதும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தினால். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு மூக்குக்கண்ணாடி போடுங்கள். சாம்பல் கனமாகக் கொட்டினால் நல்ல கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், தகரக் கூரைக்குக் கீழ் ஒதுங்காதீர்கள். பினாடுபோவில் புயல்மழை சேர்ந்து சாம்பல் ஊறிக் கனத்ததால் கூரைகள் இடிந்துதான் பலர் இறந்தார்கள்.