பாட்டி போட்டோல சுருக்கம் இருக்கலாமா?

கேள்வி: அக்கா, பாட்டிக்கு 80 வயசு முடியப் போகுது. தேயிலை எஸ்டேட்ல கொழுந்து பறிச்சே எங்கள ஆளாக்குனவங்க. ஹால்ல பெருசா மாட்டலாம்னு ஸ்டுடியோல போட்டோ எடுத்தோம், சுருக்கத்தையெல்லாம் அழிச்சு, நிறத்தையும் வெளுத்துக் குடுத்துட்டாங்க. அம்மா லட்சணமா இருக்குங்கறாங்க, எனக்கு அது பாட்டியாவே தெரியல. யார் சொல்றது சரி? (கோத்தகிரி வாசகர்)

பதில்: நான் உன் பக்கம்தான் தம்பி. ஆலிஸ் நீல்னு ஒரு அமெரிக்க ஓவியர், காலம் பூரா மத்தவங்க முகத்தையே வரைஞ்சவங்க, 1980ல தன்னோட 80 வயசுல தன்னையே வரைஞ்சு முடிச்சாங்க. உடம்புல துணி இல்ல, மார்பு தொங்கிப் போயிருக்கு, வயிறு சரிஞ்சிருக்கு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு நீலக் கோடு போட்ட நாற்காலியில உக்காந்திருக்காங்க, கையில பிரஷ். எனக்கு அந்தப் படத்துல கண்ணு போய் நிக்கறது அந்த பிரஷ்லதான், ஏன்னா வேலை செய்யற மனுஷின்னு அது சொல்லிடுது. உன் பாட்டிக்கு அது விரல். கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனியில கறுப்பேறி, நக ஓரம் வெடிச்சிருக்குமே, ஸ்டுடியோ போட்டோல அந்தக் கையாச்சும் இருக்கா?

ஆனா ஒண்ணு. நம்ம நீலகிரியோட முதல் கமிஷனர் ப்ரீக்ஸ் எழுதி 1873ல வந்த புத்தகத்துல தோடர், கோத்தர்னு நம்ம மலை மக்களோட போட்டோ இருக்கு. இந்த இனத்துக்காரங்க இப்படி இருப்பாங்கன்னு காட்டத்தான் அத எடுத்தாங்க, உன்ன எப்படி எடுக்கட்டும்னு அவங்கள யாராச்சும் கேட்டிருப்பாங்களான்னு நினைச்சாலே மனசு கனத்துப் போகுது. இப்ப நீயும் அம்மாவும் மாத்தி மாத்திப் பேசறீங்களே, பாட்டிய கேட்டீங்களா? அவங்க மூஞ்சி, அவங்கதான் சொல்லணும். வெளுப்பாதான் வேணும்னு அவங்க சொன்னா அதையே மாட்டு, நான் வருத்தப்படுவேன், ஆனா மாட்டு.

கேக்கறதுக்கு முன்னாடி இன்னொரு படம் எடுத்துடு. காலையில மூடுபனி இருக்கும்போது வாசப்படியில உக்கார வை, பனி வெளிச்சத்த பரப்பி விடறதால கண்ணுக்குக் கீழ கறுப்பா நிழல் விழாது, சுருக்கமும் மென்மையா, ஆனா இருக்கற மாதிரியே வரும். போன்ல பியூட்டி மோட ஆஃப் பண்ணிடு. ரொம்பக் கிட்டப் போகாத, மூக்கு பெருசாயிடும், நாலடி தள்ளி நின்னு ஜூம் பண்ணு. கை மடியில தெரியட்டும். ரெண்டையும் சின்ன பிரிண்ட் போட்டு, மூக்குக் கண்ணாடிய மாட்டிவிட்டு பாட்டி கையில குடு.