1,000 வெள்ளிக்கு என்ன மெட்டல் டிடெக்டர்? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "எது வாங்கலாம்?" எவ்வளவு பணம், எந்த மண், எதைத் தேட. இந்த மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

நல்ல மெட்டல் டிடெக்டர் எது? மாடல் பெயர் மட்டும் போதும். (செந்தூல்)

நல்ல செருப்பு எது என்று கேட்கிறீர்கள், கால் அளவைச் சொல்லவில்லை. மேலே உள்ள மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கையில் 1,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பினாங்கின் பத்து பிரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரையில் மோதிரம், சில்லறை தேடுவதுதான் திட்டம். (பாயான் லெப்பாஸ்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம். காய்ந்த மணலில் எந்தக் கருவியும் வேலை செய்யும். தண்ணீர் ஏறி இறங்கும் ஈர மணல்தான் சிக்கல். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒற்றை அலைவரிசைக் கருவி அந்த மணலையே உலோகம் என்று எண்ணிக் கத்தும். சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்தால் சத்தம் அடங்கும், அதோடு ஆழமும் போகும். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் கருவி உப்பின் சிக்னலைப் பிரித்துத் தள்ளிவிடும்.

உங்கள் பணத்துக்கு அந்த ரகத்தில் எட்டக்கூடியது மைன்லேப் வான்குவிஷ் 340. ஏறக்குறைய 1,000, கொஞ்சம் கூடலாம். காயில் (தரையோடு வீசும் வட்டத் தட்டு) மட்டும் தண்ணீர் தாங்கும், மேலே உள்ள பெட்டி தாங்காது. மழை வந்தால் பெட்டிக்குப் பிளாஸ்டிக் பை கட்டுங்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்காதீர்கள். இன்னும் சில நூறு சேர்த்தால் நோக்டா சிம்பிளெக்ஸ் அல்லது மைன்லேப் எக்ஸ்-டெர்ரா புரோ வரும். இரண்டும் முழுக்கத் தண்ணீர் தாங்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைதான், ஈர மணலில் 'பீச்' முறையில் பொறுமையாக ஓட்ட வேண்டும். தண்ணீரில் இறங்குபவருக்கு இவை, மணலோடு நிற்பவருக்கு வான்குவிஷ்.

மணலில் பின்பாயிண்டர் (குழிக்குள் விட்டு உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) இல்லாமலும் ஓட்டலாம். அதற்குப் பதில் துளை போட்ட ஒரு மணல் அள்ளி வாங்குங்கள். துளை 7, 8 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மூக்குத்தியும் தோடும் நழுவிவிடும். வீட்டுக்கு வந்ததும் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக 180 வெள்ளியில் எம்டி-4030 ரகம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். (பிரை)

விளையாட்டுக்கு வாங்கலாம். காய்ந்த புல்வெளியில் 50 சென் நாணயத்தை 10 சென்டிமீட்டரில் பிடித்தால் சந்தோஷப்படுங்கள். ஈர மணலுக்குக் கொண்டுபோனால் பையனுக்கு ஒரே நாளில் வெறுத்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் ஆழத்தை நம்ப வேண்டாம்.

கர்னி டிரைவ் பக்கம் அடுக்குமாடி வீட்டில் கருவியை ஆன் செய்தாலே ஓயாமல் கத்துகிறது. பழுதா?

பழுதில்லை. வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர், வைஃபை, எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. கருவியை வீட்டுக்குள் சோதிக்கக் கூடாது. வெளியே போய், கைப்பேசியை 'ஃபிளைட்' முறையில் போட்டு, நாய்ஸ் கேன்சலை (வெளி மின்குறுக்கீட்டை ஒதுக்கும் பட்டன்) அழுத்திவிட்டுக் காயிலை அசைக்காமல் சில விநாடி வைத்திருங்கள். மின்கோபுரத்துக்கு அடியில் நின்றுகொண்டு மறுபடி எழுதாதீர்கள்.

ஒரு விற்பனையாளர் ஏரியல் குச்சி வைத்த 'லாங் ரேஞ்ச்' கருவியை 3,500 வெள்ளிக்குத் தருகிறார். 1 கிலோமீட்டர் தூரம், 20 மீட்டர் ஆழம், தங்கம் மட்டும் காட்டுமாம். நிபோங் தெபாலில் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் புதைத்த தங்கம் இருப்பதாகப் பேச்சு. வாங்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். வருடத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அதில் இரண்டு பேர் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் படிக்குத் தேயும். நாணயத்திலிருந்து திரும்பி வரும் சிக்னலும் அப்படியே. மொத்தத்தில் ஆறாம் படி: ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-இல் ஒரு பங்கு. அதனால்தான் 2,000 வெள்ளிக் கருவிகூட ஒற்றை நாணயத்தை 25 சென்டிமீட்டரைத் தாண்டிப் பார்க்கத் திணறுகிறது. எண்ணெய்ப் பீப்பாய் அளவு பொருள் என்றால் ஒரு மீட்டர், அதற்குக் கொஞ்சம் மேல். முன்னும் பின்னும் இரண்டு பெட்டி வைத்த ஆழக் கருவிகள் இரண்டு மூன்று மீட்டர் போகும், அதுவும் பெரிய பொருளுக்குத்தான், சில்லறையை அவை கண்டுகொள்ளாது. இதில் 20 மீட்டர் எங்கிருந்து வந்தது? தங்கத்தை மட்டும் பிரித்துச் சொல்லும் கருவியும் உலகத்தில் கிடையாது. மெல்லிய மோதிரமும் அலுமினியத் தாளும் திரையில் ஒரே எண்ணைக் காட்டும்.

குச்சி திரும்புகிறதே என்பீர்கள். பிடித்திருக்கும் கை தனக்கே தெரியாமல் சாய்கிறது, சுழலும் பிடியில் மாட்டிய குச்சி அந்தப் பக்கம் போகிறது. இந்த ஏமாற்றில் நாடுகளே விழுந்திருக்கின்றன. வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்கப்பட்ட ஏடிஇ 651, உள்ளே ஒன்றுமில்லாத கோல்ஃப் பந்து தேடும் பொம்மையிலிருந்து வந்தது. அதை விற்றவருக்கு 2013-இல் லண்டனில் 10 ஆண்டு சிறை. பக்கத்துத் தாய்லாந்து வாங்கிய அதே ரக ஜிடி200-ஐ 2010-இல் அந்த அரசே சோதித்தது. 20 தடவையில் 4 தடவைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் அவ்வளவு வரும்.

இன்னும் ஆசை விடவில்லையா? விற்பவரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஒரே மாதிரி ஐந்து அட்டைப் பெட்டி, ஒன்றில் உங்கள் மோதிரம். எதில் என்று அவருக்கும் தெரியக்கூடாது, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் தெரியக்கூடாது, வேறொருவர் அறைக்கு வெளியே மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 20 தடவை. பதினைந்துக்கு மேல் சரியாகக் காட்டினால் எனக்கு எழுதுங்கள். "இன்றைக்கு வெயில் அதிகம்", "புதைத்துப் பல வருடமான தங்கம்தான் காட்டும்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கருவியை விடுங்கள், தோட்டத்து நிலம் உங்களுடையதா? நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். பழைய சண்டைக் காலத்துக் குண்டுகள் இந்நாட்டில் இன்றும் மண்ணுக்குள்ளிருந்து வருகின்றன. துருப்பிடித்த பெரிய இரும்பு உருளை தெரிந்தால் தொடாமல் விலகி, 999-ஐ அழையுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பழைய கித்தா (ரப்பர்) தோட்டத்து லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), உரிமையாளர் அனுமதி உண்டு. என் கேரட் (Garrett) ஏஸ் 300 கருவி செம்மண்ணில் நிலைகொள்ளவில்லை.

அனுமதியை முதலில் எழுதியதற்கு நன்றி. செம்மண்ணில் இரும்புத்தாது அதிகம். ஏஸ் 300-இல் கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் தாதுச் சிக்னலை ஈடுகட்டும் அமைப்பு) கம்பெனியில் வைத்ததுதான், நீங்கள் மாற்ற முடியாது. சென்சிட்டிவிட்டியை இரண்டு மூன்று கட்டை இறக்குங்கள், காயிலைத் தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயர்த்தி ஓட்டுங்கள். லயத்து மண்ணில் ஆணியும் பால் மங்கு (கிண்ணம்) கட்டிய கம்பியும் கொட்டிக் கிடக்கும், அதனால் பெரிய காயில் வேண்டாம். 15 சென்டிமீட்டர் அளவுக் காயில் ஆழம் குறைவாகப் போனாலும் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சதுர ஒரு காசைப் பிரித்துக் காட்டும்.

அடுத்த கருவி வாங்கும்போது கிரவுண்ட் பேலன்ஸ் மாற்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உலோகமில்லாத இடத்தில் பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை 30 சென்டிமீட்டரிலிருந்து தரைக்கு அருகே வரை ஏற்றி இறக்கினால் கருவியே சரி செய்துகொள்ளும். அதுவரை 150, 200 வெள்ளிக்கு ஒரு பின்பாயிண்டர். மண்ணில் அது இல்லாமல் குழி பெரிதாகும், நாணயத்தில் மண்வெட்டி வெட்டுப்படும். தோண்டிய குழியை மூடுங்கள்.

தெலுக் பஹாங் கடற்கரையில் மனைவியின் தாலிச் சங்கிலி விழுந்துவிட்டது. இரவல் வாங்கிய கருவி காட்டவில்லை. (ஆயர் ஈத்தாம்)

டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் வசதி) முழுக்க அணைத்தீர்களா? பெரும்பாலும் அதுதான் தவறு. அலுமினியத் தாளை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கும். 916 தங்கமாகவே இருந்தாலும், கருவிக்குச் சங்கிலி ஒரே பொருளாகத் தெரியாது. ஒவ்வொரு வளையமும் தனித்தனி. உங்களுக்கு நம்பிக்கை தாலிப் பொட்டும் கொக்கியும்தான், கட்டியாக இருப்பதால் அவை சிக்னல் தரும்.

நீர் நன்றாக இறங்கிய நேரத்தில் போங்கள். விழுந்த இடத்தைச் சுற்றி 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, ஒரு மீட்டர் பட்டையாகப் பிரியுங்கள். காயில் மணலை உரசும் அளவுக்குத் தாழ்வாக, முந்தின வீச்சில் பாதி மேலே படும்படி, மெதுவாக. முடிந்ததும் குறுக்கு வாட்டில் ஒரு தடவை. சின்ன, உடைந்த சத்தத்தைக்கூட தோண்டிப் பாருங்கள். அலை அடித்து மணல் மாறும் இடம், நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

பழைய கருவி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (கிள்ளான்)

காயிலை விரலால் தட்டுங்கள். கத்தினால் உள்ளே விரிசல். கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை லேசாக ஆட்டுங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். பேட்டரிப் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் கடலுக்குப் போன கருவியாக இருக்கலாம், கழுவாத ஆளாகவும் இருக்கலாம். கடற்கரைக்காக வாங்கினால் இரும்புக் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 350 கிராம் உப்பு கரைத்து, அதன் மேல் காயிலை வீசிப் பாருங்கள். கடல்நீரின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்கே கத்தினால் கடற்கரையில் கேட்க வேண்டாம். ரசீது, சீரியல் எண் இல்லாத பிரபல பிராண்டைப் பாதி விலைக்குத் தந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பின்பாயிண்டரை நேரடியாகத் தருவித்தால் வரி இருக்காதல்லவா?

இருக்கும். 500 வெள்ளி வரையுள்ள இணையவழி இறக்குமதிக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. தபால் செலவையும் கூட்டி, இங்கே உத்தரவாதத்தோடு கிடைக்கும் விலையோடு ஒப்பிடுங்கள்.

கோர்ன்வாலிஸ் கோட்டைத் திடல், பூஜாங் பள்ளத்தாக்கு, இங்கெல்லாம் தேடலாமா?

கூடாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், எண் 645. தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தாலும் தெரியப்படுத்த வேண்டும்.

கடற்கரையில் பெயர் பொறித்த மோதிரம் கிடைத்தது. எனக்குத்தானே?

இல்லை. உரியவரைத் தேட முயலாமல் வைத்துக்கொண்டால் குற்றவியல் சட்டத்தின் 403-ஆவது பிரிவு இருக்கிறது. காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் போதுமா?

சாதாரணமானது போதாது. சத்தம் தாமதித்து வரும், அதற்குள் காயில் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். 30 வெள்ளி வயர் ஹெட்ஃபோனே மேல்.

காயில் கவர் அவசியமா?

அவசியம். மாதம் ஒரு தடவை கழற்றி, உள்ளே சேர்ந்த கறுப்பு மணலைக் கழுவுங்கள். பாதிப் பேர் பொய்ச் சிக்னல் என்று எழுதுவது அந்த மணலைத்தான்.